முதலாவதாக எதைப் போடுவது

நேற்று நம்ம வாட்ஸ்அப் குழுவில் நடந்த கூத்தை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குழுவுக்கு 'லயத்துப் பிள்ளைகள்' என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர, அதில் இருக்கிற எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஒருத்திக்கு முழங்கால் போய்விட்டது, ஒருத்தனுக்குச் சர்க்கரை, இரண்டு பேருக்குப் பேரப்பிள்ளை வந்தாகிவிட்டது. அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: மகள் கணிதப் பிரிவில் நன்றாகப் பாஸ் பண்ணியிருக்கிறாள், கம்பஸுக்கு விண்ணப்பம் போட வேண்டும், எஞ்சினியரிங்கை எத்தனையாவது இடத்தில் போடுவது? கேட்டதுதான் தாமதம். "கெடைக்கிறத மொதல்ல போடு." "ஆசப்பட்டு இருக்கிறதையும் உட்றாத." "எதுக்குடா ரிஸ்க்?" ஆளுக்கொரு குரல் பதிவு. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். மகனுடைய போன் என்பதால் விட்டேன்.

அதனால் எழுதுகிறேன். நீளமாக வரும், பொறுத்துப் படியுங்கள். உங்களில் பாதிப் பேர் அந்த வருடம் நம்ம லயத்து வீட்டு வரிசையில் எங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள்தான். சத்தம் எல்லாம் உங்களுக்குக் கேட்டிருக்கும். எதற்காக அந்தச் சத்தம் என்றுதான் தெரிந்திருக்காது.

எங்கள் அப்பாவை மறந்திருக்க மாட்டீர்கள். நோர்வூட்டுக்கு மேலே நம்ம தோட்டத்தில் அவரை மாதிரிக் கவ்வாத்து வெட்டுகிற ஆள் கிடையாது. தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி மொட்டையாக்குகிற வேலை அது. வெட்டு பிசகினால் கிளை பிளந்துவிடும், செடி திரும்பத் தளிர்க்காது. அப்பா வெட்டினால் ஒரே வீச்சு, சாய்வாக, சுத்தமாக விழும். அந்தக் கைதான் வீட்டிலும் விழும். ரொட்டி கருகினால் விழும், செருப்பு இடம் மாறினால் விழும், கேட்ட கேள்விக்குப் பதில் பிந்தினால் விழும். ஒரு மழை நாளில் ஒழுகுகிற கூரைத் தகரத்தையே குத்திக் கையைக் கிழித்துக்கொண்ட மனிதர். மாலையில் அவர் வாசல் கல்லில் கத்தி தீட்டுகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு எப்படி இருக்கும் என்று நானும் அக்காவும் கண்டுபிடித்துவிடுவோம். சீராகத் தீட்டினால் பயமில்லை. விட்டுவிட்டுத் தீட்டினால் நான் போய்க் கோழிக்கூட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

ஆனால் அம்மாவை மட்டும் அவர் அடித்ததில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை. "பொண்டாட்டி மேல கை வைக்கிறவன் ஆம்பளையாடா?" என்று குடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் காம்பராக்காரருடைய சட்டையைப் பிடிப்பார். அந்தக் காம்பராவில் தினமும் அடி விழும், அது உங்களுக்கும் தெரியும். அங்கே அடி விழுகிற சத்தத்தைக் கேட்டபடி எங்கள் அம்மா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்துதான் மாவு பிசைவாள். நான் சின்னப் பிள்ளை, அந்த நிமிர்வுக்கு அப்போது அர்த்தம் தெரியாது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். ஹட்டனுக்கு பஸ்ஸில் போய் உயர்தரத்தில் கணிதம் படித்தாள். அவள் வகுப்பில் தோட்டத்துப் பெண் அவள் ஒருத்திதான். அவளுக்கு மேசை கிடையாது. தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து தள்ளிவிட்ட பலகைத் தேயிலைப்பெட்டி ஒன்றை அப்பாதான் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டிருந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டியிருக்கும், மூக்கை வைத்தால் பழைய தேயிலைத் தூள் வாசம் அடிக்கும். ஓரம் முழுக்கத் தகரப் பட்டி. எழுதும்போது அந்தத் தகரம் அக்காவின் முழங்கையை அறுக்கும். அவள் பழைய படங்குச் சாக்கை நாலாக மடித்து ஓரத்தில் போட்டுக்கொண்டு கணக்குச் செய்வாள். இன்றைக்கு அந்த மாதிரிப் பெட்டி எங்கேயும் இல்லை, எல்லாம் காகிதப் பைக்கு மாறிவிட்டது. ஒரு ஹோட்டலில் அலங்காரத்துக்கு வைத்திருந்த ஒன்றைப் போன வருடம் பார்த்தேன். தொட்டுப் பார்க்கப் பிடிக்கவில்லை, வந்துவிட்டேன்.

பரீட்சை முடிவு வந்த நாளை நீங்கள் மறந்திருக்க முடியாது. அக்கா பள்ளிக்கூடத்திலேயே முதல் ஆள். கோயில் மேளத்தையே எடுத்து வந்து லயத்து முன்னால் அடித்தீர்கள். அப்பா குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். கீழ் லயத்து ஆள் ஒருவர் வந்து, "என்னா படிச்சி என்னா, பொட்டப் புள்ள, நாளைக்கி இன்னொருத்தன் வீட்டுக்குப் போறவதானே" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் அப்பாவின் முட்டி அந்த வாயில் இருந்தது. பல் ஒன்று வாசல் இஸ்தோப்புத் தரையில் விழுந்தது. எங்கள் அப்பாவுக்குச் சந்தோஷம் வந்தால் அதைச் செலவழிக்க வேறு வழி தெரியாது. அன்றைக்கு எனக்கு அவரை அவ்வளவு பிடித்தது. மகளுக்காக ஒருத்தன் பல்லை உடைத்த மனிதர் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் விண்ணப்பம் வந்தது.

இப்போது மாதிரி போனில் தட்டி அனுப்புகிற காலமில்லை. தடித்த புத்தகம் ஒன்று வாங்க வேண்டும், அதில் எந்தக் கம்பஸில் என்ன படிப்பு, அதற்கு இடம் கிடைக்கப் போன வருடம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு புள்ளியில் வெட்டினார்கள் என்கிற வெட்டுப்புள்ளி என்று எல்லாம் இருக்கும். பார்த்து, நமக்கு வேண்டியதை வரிசையாக எழுத வேண்டும். ஹட்டன் பள்ளிக்கூடத்துக் கணக்கு சார் அக்காவுக்கு அந்த வரிசையை எப்படிப் போடுவது என்று விளக்கிக் கொடுத்திருந்தார். உச்சியில், கிடைப்பது கஷ்டம் என்றாலும் உயிரை விட்டு ஆசைப்படுகிற படிப்பு. நடுவில், புள்ளிக்குக் கிட்டத்தட்ட வரக்கூடியவை. அடியில், எப்படியும் கிடைத்துவிடும் என்று நிச்சயமானவை. மூன்றும் இருந்தால்தான் அந்த வரிசை நிற்கும் என்றாராம். விண்ணப்பம் பார்க்கிறவர்கள் மேலிருந்து கீழே வருவார்கள், எட்டாததைத் தாண்டி எட்டுகிற முதல் படிப்பைக் கொடுத்துவிட்டு அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். மேலே எதை எழுதினாலும் கீழே இருப்பதற்கு நட்டமில்லை.

அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தாள். முதலில் கண்டிப் பக்கத்து எஞ்சினியரிங். பிறகு கொழும்புப் பக்கத்து எஞ்சினியரிங். கீழே பௌதிக விஞ்ஞானம், அதற்கும் கீழே வேறு ஏதேதோ. முதல் வரியை எழுதும்போது மட்டும் பேனாவை அழுத்தி எழுதினாள். காசல்ரீ அணைக்கட்டுப் பக்கம் பஸ் போகும்போது அவள் ஜன்னலோரத்து இடத்துக்காக என்னோடு சண்டை பிடிப்பாள். தண்ணீர் அந்தச் சுவரை எவ்வளவு பாரத்தில் தள்ளுகிறது தெரியுமா என்று கேட்பாள். எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் குந்தினார்.

"மொதல்ல எதப் போட்டிருக்க?"

"எஞ்சினியரிங்குப்பா."

"கெடைச்சிருமா?"

"சொல்ல முடியாதுப்பா. போன வருசம் வெட்டுப்புள்ளி என் புள்ளிய விடக் கொஞ்சம் மேல. இந்த வருசம் எறங்குனா கெடைக்கும்."

"அந்த வெஞ்ஞானம்?"

"அது கட்டாயம் கெடைக்கும்."

"அப்ப அத மேல போடு."

அக்கா சிரித்துவிட்டாள். அது தப்பு. கோப்பை சுவரில் போய் உடைந்தது.

அப்பா அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அது என்னவென்று நம்ம ஆட்களுக்கு மட்டும்தான் விளங்கும், அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில் நம்ம பெரியவர்கள் எப்படி நிற்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். யாராவது வாய் திறந்து நல்ல வேலை கேட்டிருக்கிறார்களா? வேலை கொடுக்கிற கண்டாக்கு ஐயாவின் முகத்தைப் பார்ப்பார்கள், இன்றைக்கு எந்த மலைக்கு ஆள் வேண்டும் என்று பார்ப்பார்கள், எது எப்படியும் கிடைக்குமோ அதை மட்டும் கேட்பார்கள். அப்பா இளவட்டமாக இருந்தபோது ஒரு நாள் ஸ்டோர் வேலை கேட்டாராம். அன்றைய கண்டாக்கு இல்லை என்றாராம். சரி, கவ்வாத்துக்குப் போகிறேன் என்று அப்பா சொல்ல, "ஒனக்கு ஸ்டோருதானே வேணும், அங்கயே போய் நில்லு" என்று விரட்டிவிட்டாராம். அன்றைக்குப் பேர் விழவில்லை. பேர் விழாவிட்டால் சம்பளமில்லை. அடுத்த நாளும் விழவில்லை. வாரம் முழுக்க, ஊரே பார்க்க, பெரட்டில் நின்று நின்று திரும்பி வந்தாராம். அதற்குப் பிறகு அவர் வாழ்நாளில் கிடைக்காததைக் கேட்டதில்லை.

"பெரிசாக் கேட்டு இல்லன்னு சொல்லிட்டான்னா, சின்னதக் கேக்க வாய் இருக்காது புள்ள. ஒன் பேரையே வெட்டி உட்ருவான்."

"இது பெரட்டு இல்லப்பா. மேல இல்லன்னா அடுத்தத அவங்களே பாப்பாங்க. அதான் முறை."

"எவன் பாப்பான்? ஒனக்காக எவன் ஒக்காந்து ஒவ்வொண்ணாப் பாப்பான்? தோட்டத்துக்காரி பேரப் பாத்த ஒடனே தூக்கிப் போட்ருவான்."

அக்கா புத்தகத்தைத் திறந்து அந்த முறை எழுதியிருந்த பந்தியை வாசித்துக் காட்டினாள். அவர் அவளை அறைந்தார். அவள் திரும்பவும் அதே பந்தியை வாசித்தாள். திரும்பவும் அறைந்தார். அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை, குரல் மட்டும் மூக்கால் வந்தது, ஏனென்றால் மூக்கில் ரத்தம்.

அப்படியே நாட்கள் போயின. காலையில் அவர்கள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு எழும்புவார்கள். அவர் வேலையால் வந்ததும் ஆரம்பிக்கும். அக்கா கண்ணீர் விடாதது அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் கவ்வாத்துக் கத்தியை எடுத்துத் தேயிலைப்பெட்டியைப் பிளந்தார். பலகை தெறித்து என் நெற்றியில் பட்டது, அந்தத் தழும்பைத்தான் நீங்கள் பொட்டு வைத்த இடம் என்று கேலி செய்வீர்கள். ஈயத்தாள் சுருள் சுருளாகக் கத்தியில் மாட்டிக்கொண்டது. அடுப்பில் அந்தப் பெட்டியைப் போட்டு எரித்து, அதில் தண்ணீர் சூடாக்கிக் குளித்தார். அக்கா மறுநாள் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு அதே வரிசையை அதே மாதிரித் திரும்ப எழுதினாள்.

அம்மா தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். அது அவள் செய்த பிழை. எங்கள் மாமா தலவாக்கலையில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தார், கொஞ்சம் படித்தவர், நல்ல மனிதர்தான். ஆனால் மாமாவுக்கும் வாய்க்கு முன்னால் கை போகும். வந்து உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டார்.

"மச்சான், ஒங்களுக்கு இதுல என்னா தெரியும்? புள்ளய அது பாட்டுக்கு உடுங்க."

"என் வீட்டுக்கு வந்து எனக்குத் தெரியாதுங்கிறியா?"

"ஆமா, தெரியாதுதான். கத்தி புடிக்கத் தெரியும், வேற என்னா தெரியும்?"

அதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். இரண்டு பேரும் கட்டிப் புரண்டு இஸ்தோப்பிலிருந்து வாசலோரத்துச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. மாமா அப்பாவின் தலையைக் கான் தண்ணீரில் அமுக்கினார். அம்மா தம்பியின் முடியைப் பிடித்து இழுத்தாள். அப்பா எழும்பியபோது ஒரு கண் மூடிப் போயிருந்தது, லயமே அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது, யாரோ சிரித்ததும் கேட்டது. அது உங்களில் ஒருவர்தான், யாரென்று எனக்குத் தெரியும், சொல்லப் போவதில்லை. அந்தச் சிரிப்போடு விஷயம் எஞ்சினியரிங்கை விட்டுப் போய்விட்டது. இனி அவர் தோற்றால் மச்சான் ஜெயித்ததாக ஆகும். மாமா வராமலே இருந்திருந்தால் அப்பா அடித்து அடித்துக் களைத்துப் போய் விட்டிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு மாமாதான் எங்களைக் காப்பாற்ற வந்த வீரன் என்று நினைத்தேன்.

விண்ணப்பம் அனுப்புவதற்குக் கடைசி வாரம். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். அப்பா குடிக்கவில்லை. அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடித்திருந்தார் என்று பின்னால் ஊரில் ஒரு கதை ஓடியது. குளித்து, திருநீறு பூசி, சுத்தமாக வந்து நின்றார். அக்கா உண்மையான விண்ணப்பத்தைத் தரையில் விரித்து வைத்திருந்தாள், இடைவெளிகளை இன்னும் நிரப்பவில்லை. அம்மா அடுப்படியில் குனிந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மூலையில் அம்மாவின் மட்டக்கம்பு சாத்தியிருந்தது. கொழுந்து எடுக்கும்போது செடியின் மட்டத்தைப் பார்க்கச் செடிமேல் வைக்கிற நீளக் கம்பு அது. அப்பா அதை எடுத்தார்.

"மாத்துறியா?" என்று அக்காவைக் கேட்டார்.

"மாட்டேன்ப்பா."

கம்பு அம்மாவின் முதுகில் விழுந்தது.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. கூரையிலிருந்து ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது, மேலே பார்த்தாள். பிறகு திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தை எழுத என்னால் முடியாது.

"மாத்துறியா?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். கம்பு திரும்பவும் விழுந்தது. திரும்பவும். அம்மா மாவுக் கையோடு சுவரைப் பிடித்துக்கொண்டாள். கத்தவில்லை. பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கக் கூடாது என்று சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். அப்பா அம்மாவைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டே அடித்தார். நான் போய் அவர் காலைக் கடித்தேன். உதறினார், கதவு நிலையில் போய் மோதினேன்.

"மாத்துறேன்," என்றாள் அக்கா. "நிப்பாட்டுங்க. மாத்துறேன்."

அவர் கம்பை மூலையில், இருந்த இடத்திலேயே, சாத்தி வைத்தார். அக்கா பேனாவை எடுத்து முதலாவது இடத்தில் பௌதிக விஞ்ஞானம் என்று எழுதினாள். எஞ்சினியரிங்கை அதற்குக் கீழே. எழுத்து முத்து முத்தாக இருந்தது. எழுதி முடித்துவிட்டுத்தான் எழும்பிப் போய் அம்மாவின் முதுகைத் தொட்டாள். மஞ்சள் அரைத்துப் போட்டாள். "எப்படியும் எஞ்சினியரிங் எட்டியிருக்காதும்மா, போன வருச வெட்டுப்புள்ளிக்கி நான் கொறவுதான்" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். அம்மாவுக்குச் சொன்னாளோ தனக்கே சொன்னாளோ. மறுநாள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நோர்வூட் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அதை அனுப்பினார்.

அம்மா அன்றிலிருந்து மாவு பிசையும்போது நிமிர்ந்து உட்காரவில்லை. பக்கத்துக் காம்பராவில் அடி விழுகிற சத்தம் கேட்டால் அடுப்பை ஊத ஆரம்பித்துவிடுவாள். ஊத வேண்டிய அவசியமே இருக்காது, நெருப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருக்கும்.

மாதங்கள் கழித்து அக்காவுக்குக் கடிதம் வந்தது. பௌதிக விஞ்ஞானம் கிடைத்திருந்தது. அப்பாவைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். பார்த்தீர்கள், உங்களுக்கெல்லாம் டொபி கொடுத்தார். பெரட்டில் கடிதத்தை விரித்துக் கண்டாக்கு ஐயாவிடம் காட்டினார். "கேட்டோம், குடுத்துட்டாங்க. மொதல்ல கேட்டதையே குடுத்துட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். அம்மாவிடமும் வந்து சொன்னார். அம்மா கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

கம்பஸுக்குக் கொண்டுபோகப் பை வாங்க அக்காவும் நானும் ஹட்டனுக்குப் போனோம். போன கையோடு கணக்கு சாரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தோம். அந்த வருடத்து வெட்டுப்புள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தது. அக்கா போய் நம்ம மாவட்டத்தைத் தேடினாள். எஞ்சினியரிங் வெட்டுப்புள்ளி இறங்கியிருந்தது. அக்காவின் புள்ளி அதற்கு மேலே இருந்தது. கொஞ்சம் மேலே இல்லை, நன்றாகவே மேலே.

சார் பின்னால் வந்து நின்றார். "ஏம்மா இப்பிடிப் போட்ட? நான் சொல்லித் தந்தேனே" என்றார். அவருக்கு உண்மையிலேயே கோபம். தன் பேச்சைக் கேட்காத திமிர் பிடித்த பெண் என்று நினைத்துவிட்டார். அக்கா பலகையைப் பார்த்தபடியே "நான் மறந்துட்டேன் சேர்" என்றாள். ஒரு மனிதர் முன்னால் அவள் முட்டாளாக நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரத்தை அவள் கேட்கவே இல்லை, நானே உட்கார்ந்துகொண்டேன். பை வாங்காமல் வந்துவிட்டோமே என்று கேட்டேன். பளார் என்று ஒன்று விட்டாள். அக்கா என்னை அடித்தது அது ஒன்றுதான். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது யாருடைய கை என்று தெரியாத மாதிரி.

அதற்குப் பிறகு அவள் கம்பஸ் போனாள், முடித்தாள், இன்றைக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள், நீங்கள் யாரும் 'பாவம்' போட்டு அழுகிற முகம் அனுப்ப வேண்டாம். அவளுக்குப் பாவம் பிடிக்காது. அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். இன்றைக்கு யோசித்தால், மகள் ஊர் பார்க்க நின்று நின்று வெறுங்கையோடு திரும்பி வரக் கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவையும் செய்தார் என்று விளங்குகிறது. விளங்குகிறது, அவ்வளவுதான். மன்னிக்கச் சொல்லாதீர்கள். முதுகு அம்மாவுடையது.

அன்றைக்கு ஹட்டனிலிருந்து நாங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அப்பா இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அம்மா விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். பை எங்கே என்று அப்பா கேட்டார். அக்கா நின்றபடியே சொன்னாள், கத்தாமல், பிள்ளைகளுக்குக் கணக்கு விளங்கப்படுத்துகிற மாதிரி.

"எஞ்சினியரிங் வெட்டுப்புள்ளி எறங்கிருச்சுப்பா. என் புள்ளிக்கி அது கெடைக்கும். ஆனா நாம மேல வெஞ்ஞானத்தப் போட்டோம். மேலருந்து பாத்தாங்க, அது எட்டுச்சு, குடுத்துட்டாங்க. அதுக்குக் கீழ இருந்தத யாரும் பாக்கவே இல்ல."

"கெடைக்குமின்னா, இப்ப?"

"கேட்டிருந்தா கெடைச்சிருக்கும்ப்பா. மொதல்ல கேட்டிருந்தா."

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் எழும்பினார். அவர் அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவை அறைந்தார். அவள் தலை நிலைக் கம்பத்தில் போய் இடித்தது. திரும்பவும் அறைந்தார்.

"ஏண்டி என் பேச்சக் கேட்ட? நாந்தான் படிக்காதவன். நீ படிச்சவதானே? ஒனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சிக்கிட்டு ஏண்டி என் பேச்சக் கேட்ட?"

அவர் மூன்றாவதாகக் கையை ஓங்கியபோது அம்மா விறகைப் போட்டுவிட்டு வந்து நடுவில் நின்றாள். கையைப் பிடிக்கவில்லை, தடுக்கவில்லை, சும்மா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"அவ ஒங்க பேச்சக் கேக்கலங்க," என்றாள். "இதப் பாத்தா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. அப்பா அம்மாவின் முதுகைப் பார்த்தார். ரவிக்கைக்கு மேலே கழுத்தடியில் ஒரு கறுத்த கோடு இன்னும் மறையாமல் இருந்தது. அவர் கையை இறக்கி, இரண்டு கையையும் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார். உள்ளே போய் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் மாறி மாட்டியிருந்தது.

"வா," என்றார் அக்காவிடம். "கொழும்புக்குப் போவோம். நான் கேக்கிறேன். அந்த ஐயாமாருகிட்ட நான் பேசுறேன். கால்ல உழுந்தாவது கேக்கிறேன் புள்ள. இப்ப போய்க் கேட்டா குடுப்பாங்கதானே?"

அக்கா உதட்டு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"குடுக்க மாட்டாங்கப்பா," என்றாள். "கேட்டதத்தான் குடுத்துட்டாங்களே."